எதிர்வண்டி

இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தேடிப் புறப்படுகிறார்கள். ஒருத்தி வடக்கே போகிறாள், ஒருத்தி தெற்கே வருகிறாள். பாதை ஒன்றுதான். கிளை கிடையாது, மறைந்துகொள்ள வளைவு கிடையாது. இருவருக்கும் கண் நன்றாகத் தெரியும். நேருக்கு நேர் வந்தும் அவர்கள் சந்திக்கவில்லை. எப்படி? சொல்லுங்கள் பார்க்கலாம். குழந்தைகள் புத்தகமாக இருந்தால் அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று போட்டு, விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சடித்திருப்பார்கள். எனக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதில்லை. விடை, அவர்கள் ரயிலில் வருகிறார்கள். இந்தச் சைதாப்பேட்டை மேடையில் இந்தப் பக்கத் தண்டவாளம் தாம்பரத்துக்குப் போகிறது, அந்தப் பக்கத் தண்டவாளம் மாம்பலம் வழியாக பீச்சுக்குப் போகிறது, நடுவில் நான் நிற்கிறேன். கையில் ஒரு துணிப்பை இருக்கிறது, இரண்டு அட்டை டிக்கெட்டுகள் இருக்கின்றன, பூரணி இல்லை. பூரணி மாம்பலத்தில் நிற்கிறாள். நிற்கிறாளா? நிற்கிறாள் என்றால் நான் அந்தப் பக்கத்து வண்டியில் ஏறித் திரும்பிப் போக வேண்டும். அடுத்த வண்டியில் ஏறி என்னைத் தேடி வருகிறாள் என்றால் நான் இங்கேயே நிற்க வேண்டும். நான் போய் அவளும் வந்தால் நடுவழியில் கடந்துவிடுவோம். நானும் நின்று அவளும் நின்றால் சாயங்காலம் வரை இப்படியே. இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும், இரண்டிலும் பாதி சரி பாதி தப்பு, அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால்தான் நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவளும் அங்கே இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாள், சித்தி என்ன செய்வாங்க, சித்தி என்ன செய்வாங்க என்று. பத்து வயது. நேற்று ராத்திரிதான் நான் அவளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்.

மாம்பலத்தில் வண்டி வந்து நின்றபோது நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். இதை யார் கேட்டாலும் சொல்ல முடியும். என் வீட்டுக்காரர் கேட்டால், பூரணியின் மாமா கேட்டால், போலீஸ் கேட்டால். போலீஸ் என்று ஏன் நினைக்கிறேன், அதெல்லாம் வேண்டாம். பெண்கள் பெட்டி. துணிக்கடைப் பைகளோடு ஒரு கும்பல் இறங்கியது, இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிற கும்பல் முட்டியது. நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். பின்னால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள், "ஏறும்மா, ஏறு, வாசல்ல நின்னுக்கினு" என்று ஒரு குரல். நான் உள்ளே போய்விட்டேன். கை வெளியே இருந்தது. கையின் நுனியில் அவள் கை இருந்தது. சித்திரை வெயில், இரண்டு உள்ளங்கையும் ஈரம். முதலில் நான்கு விரல் இருந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, அவளுடைய சுண்டுவிரலாக இருக்க வேண்டும், அப்புறம் காற்று. வழுக்கியதா, விட்டேனா? வழுக்குகிற கைக்கும் விடுகிற கைக்கும் தொடுகிறவளுக்கு வித்தியாசம் தெரியும். பூரணிக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. வழுக்கியதுதான். ஈரம். இறுக்கிப் பிடித்திருந்தால் வழுக்கியிருக்குமா, மோதிரம் அழுந்தும் என்று தளர்த்திப் பிடித்தேனே, எப்போது தளர்த்தினேன், டிக்கெட் வாங்கும்போதா, அதற்கப்புறமா? வண்டி நகர்ந்தது. தலைகளுக்கு நடுவே ஒரு சந்தில் பார்த்தேன். எடை பார்க்கிற இயந்திரத்தின் பக்கத்தில், அந்தச் சிவப்பும் பச்சையுமாகச் சுற்றுகிற விளக்குகளின் பக்கத்தில், மாம்பழ நிறப் பாவாடையில் நின்றாள். அழவில்லை. ஓடிவரவில்லை. வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். அப்படியே பின்னால் போனாள். நின்றுகொண்டேதான் போனாள். வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும், நாம் அசையாமல் நிற்போம், வெளியே இருப்பதுதான் நம்மைவிட்டுப் போகும்.

பெட்டியில் எல்லோரும் எனக்கு உதவி செய்தார்கள். அது இன்னும் மோசம். பூக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "இன்னாம்மா, புள்ளைய உட்டுட்டு ஏறிக்கினியா?" என்று கேட்டாள், பெட்டி முழுவதும் திரும்பியது. "சங்கிலிய இழுங்க" என்று ஒருத்தி. "இழுத்தா நடுவழில நிக்கும், அப்பால எப்ப கெளம்பும்? அடுத்த ஸ்டேஷன் இதோ வந்துடுச்சு" என்று பூக்காரம்மாள். கைக்கடிகாரம் கட்டிய ஒரு பெண், ஆபீசுக்குப் போகிறவள் போல, "இறங்கி உடனே திரும்பிப் போங்க மேடம், கொழந்தை அங்கயே இருக்கும்" என்றாள். "அதெப்டி இருக்கும்? யாராச்சும் அடுத்த வண்டில ஏத்தி உட்ருவாங்க. நீ அங்கயே நில்லும்மா, எங்கயும் போவாத" என்று பூக்காரம்மாள். "ஏத்தி விட்டா யாரு இறக்கறது?" "அதான் இந்தம்மா நிக்கிதுல்ல." "நிக்கிதுன்னு அந்தக் கொழந்தைக்கு யார் சொன்னாங்க?" சண்டை போட்டார்கள், என் குழந்தைக்காக. பிறகு பூக்காரம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் புள்ளைதானே?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே சொன்னேனா? ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னேனா? தாமதித்தேன். அவள் கண்ணில் தெரிந்தது. பெற்றவள் யாரும் அந்தக் கேள்விக்குத் தாமதிக்க மாட்டாள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, பூரணிக்குப் பத்து வயது, கழித்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "வயசு?" "பத்து." "பேரு?" "பூரணி." "என்ன கலர் டிரஸ்?" சொன்னேன். அந்தப் பாவாடையை நான்தான் தைத்தேன், இன்றைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று, இடுப்பில் ஒரு அங்குலம் மடித்துத் தைத்தேன், வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்று. அடுத்த வருஷம் யார் பிரிப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் டெலிபோனை எடுத்து மாம்பலத்துக்குச் சுற்றினார். ரிசீவர் அவர் காதில் இருக்கிறது, நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், இருந்தாலும் அவர் புருவத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக, வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். "என்கேஜ்டா இருக்கும்மா" என்று வைத்துவிட்டு உடனே மறுபடியும் எடுத்தார். "உடனே போடாதீங்க சார், கொஞ்சம் விட்டுப் போடுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிள்ளையைத் தொலைத்தவள் பேசுகிற பேச்சா இது? "நான் போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க இங்கயே இருங்க. அலையாதீங்க" என்றார். இருக்க முடியவில்லை. வெளியே வந்து நிற்கிறேன். தூரத்தில் வடக்கே ஒரு கறுப்புப் புள்ளி, அது மாம்பலத்திலிருந்து வருகிற வண்டி. தெற்கே கிண்டிப் பக்கம் தண்டவாளம் மினுங்குகிறது, அதுவும் வண்டிதான். இரண்டும் ஒன்றாக வரப்போகின்றன. கணக்கில் வருகிற மாதிரியே.

அந்தக் கணக்கு: இரண்டு ஊர்களுக்கு நடுவே அறுபது கிலோமீட்டர். இந்த ஊரிலிருந்து ஒரு ரயில் மணிக்கு நாற்பதில், அந்த ஊரிலிருந்து ஒரு ரயில் மணிக்கு இருபதில், ஒரே நேரத்தில் எதிரெதிரே புறப்படுகின்றன. எப்போது சந்திக்கும்? லீவில்கூட அவளுக்குக் கணக்கு வேண்டும், ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே யாரிடமோ கடன் வாங்கி வைத்திருக்கிறாள். "எதிரெதிர வந்தா வேகத்தைக் கூட்டணும். ஒரே பக்கம் போனா கழிக்கணும்" என்றேன். "கூட்டினா அறுபது. யாரு சித்தி அறுபதுல போறாங்க?" "யாரும் போகல." "அப்ப அது பொய் வேகம்." "பொய் இல்லடி. நீ ஒரு வண்டிக்குள்ள உட்காந்திருக்கே. நான் அசையவே இல்ல, நிக்கிறேன்னு நெனச்சுக்கோ. அப்ப எதிர்வண்டி அறுபதுல வர மாதிரி இருக்கும். ரெண்டு பேர் வேகத்தையும் எதிராளி தலையில போட்டுடறோம்." "நான் நிக்கிறேன்னு நெனச்சுக்கணுமா?" "ஆமா." "நெஜமாவே நின்னுட்டா?" "அப்ப உன் வேகம் பூஜ்யம். மத்தவங்க முழு தூரமும் வரணும். நேரமாகும்." "ஆனா சந்திச்சுடுவாங்க." "சந்திச்சுடுவாங்க." "ரெண்டு பேரும் போனா சீக்கிரம் சந்திக்கலாம்." "ஆமா, சீக்கிரம்." இதைச் சொன்னேன். சீக்கிரம் என்று அழுத்தி வேறு சொன்னேன். பிறகு அவள் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சந்திச்ச அப்புறம் என்னாகும்?" என்றாள். "கணக்கு முடிஞ்சுடும்." "கணக்கு முடியும், வண்டி முடியாதே. நிக்காது இல்ல. ஒண்ண ஒண்ணு தாண்டி அது பாட்டுக்குப் போயிடும். அப்புறம் தூரம் ஜாஸ்தியாயிட்டே போகும்." நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவளுடைய துணிகளை, மாமா வீட்டுக்கு எடுத்துப்போக. "கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது பூரணி" என்றேன்.

ஒரு மணி நேரம் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அவ மாமா ஆறாவதுக்குத் தாம்பரத்துலயே சேத்துக்கறேங்கறார். அவங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு, கூட வெளையாட. பூரணி போய்ப் பாக்கட்டும். அவ என்ன சொல்றாளோ அதுதான். நீ ஒண்ணும் சொல்லாதே கஸ்தூரி. இருன்னும் சொல்லாதே, போன்னும் சொல்லாதே. அப்புறம் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு." நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலும் சொல்லவில்லை. கவுன்டரில் மட்டும் சொன்னேன்: "தாம்பரம், ஒரு ரிட்டர்ன், ஒரு அரை சிங்கிள்." கம்பிக்குள் அட்டைகளைக் குத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. பூரணி என் இடுப்பளவில் நின்று கேட்டாள். "எனக்குத் திரும்பி வர டிக்கெட் இல்லையா சித்தி?" "நீ அங்க இருந்தாலும் இருப்பேல்ல?" அதுதான் நான் சொன்னது. எதுவும் சொல்லாதே என்றார், நானும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் அரை சிங்கிள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கவுன்டர் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள், டிங் டிங் என்று, பிறகு படியேறினோம், பிறகு நான் அவள் கையைப் பிடித்தேன். அப்போதே தளர்த்தித்தான் பிடித்தேனா?

வண்டிகள் வந்துவிட்டன. இரண்டும் ஒரே மூச்சில் வந்து என் முன்னாலும் பின்னாலும் நிற்கின்றன. பின்னால் இருப்பது மாம்பலம் போகிறது, ஏறு என்கிறது கால். முன்னால் இருப்பது மாம்பலத்திலிருந்து வருகிறது, பார் என்கிறது கண். அவள் துறுதுறுப்பு. நிற்கிற பிள்ளை இல்லை. ரெண்டு பேரும் போனா சீக்கிரம் சந்திக்கலாம், அவளே சொன்னாள். வந்திருப்பாள். பெண்கள் பெட்டிக்கு ஓடினேன். இறங்குகிறார்கள், ஒரு பச்சைச் சேலை, ஒரு பர்தா, தலையில் மூட்டையோடு ஒருத்தி, இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டு, ஒரு குழந்தை, ஆண் குழந்தை, தூக்கிவைத்திருக்கிறார்கள். மாம்பழ நிறம் இல்லை. ஜன்னல் ஜன்னலாக, பூரணி, பூரணி என்று கத்திக்கொண்டு போனேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, நாள் முழுக்க "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று பஞ்சு மாதிரி பேசுகிற குரல். உள்ளே இருக்கிறவர்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள், ஒருத்தி தன் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, ஆண்கள், ஆண்கள். ஊதல் கேட்டது. முன்னால் இருந்த வண்டி தாம்பரத்துக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்த வண்டி எப்போதோ போயிருந்தது.

இறங்கவில்லை. ஆகவே ஏறவில்லை. ஆகவே நிற்கிறாள். ஒன்று, ஏறியும் கூட்டத்தில் இறங்க முடியாமல் தாம்பரம் வரை போகிறாள். அல்லது யாரோ கையைப் பிடித்து, வா பாப்பா, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். அது வேண்டாம். அதை நினைக்காதே. அல்லது வீட்டுக்கு நடந்துவிட்டாள். வழி தெரியும், ஆனால் வீடு பூட்டியிருக்கிறது, சாவி என் பையில், இவர் ஆபீசில். பூட்டிய கதவுக்கு முன்னால் பாவாடையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எதிர்வீட்டுக்காரம்மாள், என்னாச்சு, சித்தி எங்க, என்று கேட்பாள், இவள் என்ன சொல்வாள்? வண்டி ஏறிப் போயிட்டாங்க என்பாள். பொய்யில்லையே. சித்திக்காரி விட்டுட்டு வண்டி ஏறிட்டாளாம், என்று அது தெருவில் போகும். என்ன மனசு எனக்கு, பிள்ளையைக் காணோம், தெருவில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் தெரசா சொல்வாள்: "உலகத்துல பாதிக் காதல் இப்படித்தான் முறியுது கஸ்தூரி. பேசிட்டிருக்கும்போது லைன் அறுந்துடும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பப் போடுவாங்க. ரெண்டு பேருக்கும் என்கேஜ்டு. ரெண்டு பேரும், ஓகோ, என்னை விட்டு வேற யார்கூடவோ பேசறியான்னு நெனச்சுக்குவாங்க." அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அதற்குத்தான் எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. லைன் அறுந்தால் யார் முதலில் கூப்பிட்டாரோ அவரே மறுபடி கூப்பிட வேண்டும். மற்றவர் ரிசீவரை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். பூரணிக்கும்.

பூரணிக்கும் சொன்னேனே. பொங்கலுக்கு முன்னால். தெருமுனை மருந்துக்கடையில் அவள் மாமா போன் பண்ணி, கடைப்பையன் வந்து கூப்பிட்டு, ஓடினோம். அவள் "மாமா" என்றதும் லைன் அறுந்துவிட்டது. தாவி டயலைச் சுற்றப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ பண்ணாதே. யார் பண்ணாங்களோ அவங்கதான் திரும்பப் பண்ணணும். நீயும் பண்ணா ரெண்டும் இடிச்சுக்கும்." கையைக் கட்டிக்கொண்டு போனையே பார்த்து நின்றாள். "பண்ணலேன்னா?" "பண்ணுவார்." "பண்ணவே இல்லேன்னா சித்தி?" மருந்துக்கடைக்காரர் வேறு, மருந்துச் சீட்டோடு வந்தவர்களுக்கு வழிவிட எங்களை விலகச் சொன்னார், எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, எரிச்சலில் சொன்னேன்: "உடனே பண்ணலேன்னா அவங்களுக்கு வேணாம்னு அர்த்தம். வா போலாம்." உடனே. உடனே என்றா சொன்னேன்? சொன்னேன். அவர் அப்புறம் பண்ணினார், அது வேறு விஷயம். பூரணி எதையும் மறக்க மாட்டாள், புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பதைக்கூட ஒப்பிப்பாள். அவள் அங்கே நிற்கிறாள் என்றால் நான் சொன்னதை வைத்துத்தான் நிற்கிறாள். யார் போனார்களோ அவர்கள் திரும்பி வர வேண்டும். பீச் பக்கம் போகிற முதல் வண்டி மாம்பலத்தில் நின்றிருக்கும். பெண்கள் பெட்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகமாக அவள் பார்த்திருப்பாள். நான் அதில் இல்லை. நான் இங்கே ஜன்னல் ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தேன். உடனே வரவில்லை. உடனே வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த வண்டி எப்போது என்று யாரையும் கேட்கவில்லை. வந்ததும் ஏறினேன், எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை, ஆண்கள் நிற்கிற பெட்டி, ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார், நான் உட்காராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினேன். "உள்ள வாங்கம்மா, கம்பம் அடிச்சிடும்" என்றார் அவர். காற்று கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. இப்போது போகிறேன், நாற்பதோ ஐம்பதோ, அவள் பூஜ்யம், முழு தூரமும் என்னுடையது, சரி, என்னுடையதாகவே இருக்கட்டும், அவள் பூஜ்யமாகவே இருக்கட்டும், சாமி, அவள் அசையாமல் இருக்கட்டும். அப்போது எதிரே வண்டி வந்தது. முதலில் மெதுவாகத்தான் வருகிற மாதிரி இருந்தது, பெரிதாகிக்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று காதை அடைத்துக்கொண்டு பக்கத்தில். அதன் வேகமும் என் வேகமும் சேர்ந்து, யாருமே போகாத அந்தப் பொய் வேகத்தில் ஜன்னல்கள் பறந்தன. கம்பி, முகம், கம்பி, கை, கம்பி, நீலம், கம்பி. நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைத்தால் பார்க்க முடியுமோ என்று. வாசலில் ஏதோ மஞ்சளாக. மஞ்சளா, மாம்பழ நிறமா? இடுப்பளவு உயரம். பையாக இருக்கலாம். துணிக்கடைப் பைகள் எல்லாம் மஞ்சள்தானே. "பூரணி" என்று கத்தினேன், அந்த வண்டி அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு வெயில். சந்தித்துவிட்டோம் என்றால் கணக்கு முடிந்தது. வண்டி முடியாதே சித்தி. இனிமேல் தூரம் அதே வேகத்தில் வளரும். குதித்துவிடலாமா என்று ஒரு கணம் கால் நினைத்தது. பெரியவர் என் முந்தானையைப் பிடித்திருந்தார், அது எனக்கு மாம்பலம் வந்த பிறகுதான் தெரிந்தது. "பாத்து இறங்குங்க" என்று விட்டார். நன்றி சொன்னேனா, தெரியவில்லை.

எடை பார்க்கிற இயந்திரத்தின் விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. அதன் மேல் ஒரு குண்டு மனிதர் ஏறி நின்று சீட்டு விழுவதற்காகக் காத்திருந்தார். "இங்க ஒரு பொண்ணு, மாம்பழக் கலர் பாவாடை" என்றேன். "நான் இப்பதாம்மா வந்தேன்" என்றார், சீட்டைக் குனிந்து எடுத்தார், அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனார். வண்டி போய்விட்டது. மேடை கொஞ்ச நேரத்துக்குக் காலியாகிவிடும், அப்போது தெரியும், கடைசி வரைக்கும் தெரியும். வெள்ளரிக்காய் விற்கிறவள், ஒரு நாய், கூலிக்காரர் ஒருவர் தண்ணீர்க் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறார். நான் அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள், தலை கலைந்து, வாய் பிளந்து. அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், மிகச் சிறியதாக ஒரு மஞ்சள். திரும்பினேன். மேடையின் மறுகோடியில், பீச் போகிற வண்டிகளின் பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்துப் போட்ட பெஞ்சில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடவில்லை. ஓட முடியவில்லை, நடந்தேன். பக்கத்தில் போய் நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தில் அழுத கோடு இன்னும் காயவில்லை. "மொதல் வண்டில நீங்க வரல" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. "நீ அடுத்த வண்டில வந்துடுவியோன்னு அங்கயே நின்னுட்டேன்." "நான் எதுக்கு வரேன்? நீங்கதானே போனீங்க." அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது சரிதான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். "ரெண்டாவது வண்டிலயும் இல்லன்னு நெனச்சேன். லேடீஸ்ல நாலு பேர்தான் இறங்கினாங்க." "வேற பெட்டில ஏறிட்டேன்." "அது தப்பு. நான் லேடீஸ் நிக்கிற எடத்துலதானே உக்காருவேன்?" "தப்புதான்." "ஒரு அம்மா வந்து கூப்பிட்டாங்க, வா போலீஸ்கிட்ட போலாம்னு. மாட்டேன்னுட்டேன். எங்க சித்தி வந்துட்டே இருக்காங்கன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டாவதுக்கும் இல்லேன்னதும் அழுதேன். கொஞ்சம்தான்." சைதாப்பேட்டை வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே இன்னும் டயலைச் சுற்றிக்கொண்டிருப்பார் என்று நினைவு வந்தது. இங்கே அறையில் போய்ச் சொன்னோம், அவர்கள் அவருக்குச் சொல்வதாகச் சொன்னார்கள், இப்போது லைன் கிடைத்தது.

டிக்கெட்டைத் தேடினேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு ஒரு அட்டைதான் இருந்தது, என்னுடைய ரிட்டர்ன். அரை டிக்கெட் எங்கேயோ விழுந்துவிட்டது, அந்தப் பெட்டியிலோ, இந்த மேடையிலோ, இரண்டுக்கும் நடுவிலோ. "அப்ப வேற வாங்கணும்" என்றாள் பூரணி. படியேறினோம். அவள் கையைப் பிடித்திருந்தேன், மோதிரம் அழுந்துகிற அளவுக்குப் பிடித்திருந்தேன், அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மாமா வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தோட்டம் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லக்கூடாது. கையைப் பிடிப்பது சொல்வதில் சேர்த்தியா என்று இவரைக் கேட்கவில்லை. கவுன்டரில் வரிசை இருந்தது, நகர்ந்தது, எங்கள் முறை வந்தது. "தாம்பரம், ஒரு அரை" என்றேன். அதற்கு மேல் வாய் நின்றுவிட்டது. "சிங்கிளா, ரிட்டர்னா?" என்றார் உள்ளே இருந்தவர். பின்னால் யாரோ, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, வண்டி வருது" என்றார்கள். "சிங்கிளா, ரிட்டர்னாம்மா?" என்று அவர் மறுபடி கேட்டார். நான் பூரணியைப் பார்த்தேன். பூரணி கவுன்டர் கம்பியைப் பார்த்தாள்.

ரிட்டர்ன் என்றாள்.